மும்முறைத் தாண்டுதலை எதைக் கொண்டு அளப்பது? அளவு நாடா, கைப்பேசி, சென்சார், ஆய்வகம்: டெல்டா ஆசிரியர்களுக்கு ஓர் ஒப்பீடு

தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை மாவட்டங்களில் பணிபுரியும் உடற்கல்வி ஆசிரியர்களும், எம்.பி.எட். (உடற்கல்வி முதுநிலைப் பட்டம்) ஆய்வேட்டுக்குத் தலைப்பைப் பதிவு செய்துவிட்டு அளக்கும் வழி புரியாமல் நிற்கும் மாணவர்களும் மீண்டும் மீண்டும் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. வீரரின் உடலசைவை முறையாக ஆராய வேண்டுமானால் கைப்பேசி வீடியோ போதுமா, உடலில் கட்டும் சென்சார் வாங்க வேண்டுமா, அல்லது சென்னைக்குப் போய் ஆய்வகத்தில்தான் அளக்க வேண்டுமா என்பதே அக்கேள்வி. பி.பி.எட்., எம்.பி.எட். பாடத்திட்டங்களில் பயோமெக்கானிக்ஸ் (உடலசைவின் இயக்கவியல்) தனித்தாளாகவே இருக்கிறது. ஆனால் அந்தத் தாளில் எழுதித் தேறிய நெம்புகோல் விதியும் திருப்பு விசையும் பள்ளி மைதானத்து மணற்குழி அருகே நிற்கும்போது எந்தக் கருவியை எடுப்பது என்று சொல்லித் தருவதில்லை.

இந்த ஒப்பீட்டுக்கு மும்முறைத் தாண்டுதலை உதாரணமாக எடுத்துக்கொள்கிறேன். 2023 மே மாதம் ஹவானாவில் 17.37 மீட்டர் தாண்டித் தேசியச் சாதனையை ஏற்படுத்திய பிரவீன் சித்திரவேல் திருவாரூர் மாவட்டத்தைச் சேர்ந்தவர் என்பது மட்டும் அதற்குக் காரணமன்று. வேகம், நேரம், கோணம், விசை ஆகிய நான்கும் ஒரே முயற்சிக்குள் சில நொடிகளில் வந்து போகும் போட்டி இது. ஆகவே ஒவ்வொரு கருவியின் பலமும் பலவீனமும் இதில் மறைக்க இடமின்றித் தெரிந்துவிடும்.

## கருவியைத் தேர்ந்தெடுக்கும் முன்

முதல் அளவுகோல், கேள்வியின் இயல்பு. உடலசைவைப் பற்றிய கேள்விகள் இரு வகைப்படும். எங்கே, எப்போது, எவ்வளவு வேகத்தில், எந்தக் கோணத்தில் என்று கேட்பது ஒரு வகை. எவ்வளவு விசையில், எந்த மூட்டின் மீது எவ்வளவு பளு என்று கேட்பது மற்றொரு வகை. முதல் வகைக்குக் கண்ணால் பார்க்கக்கூடிய விடை உண்டு, எனவே கேமரா போதும். இரண்டாம் வகையில் விசையை நேரடியாக அளக்க வேண்டும். எத்தனை விலையுயர்ந்த கேமராவும் தனியாக அதைச் செய்யாது. கருவியின் விலையைப் பார்த்து முடிவெடுப்பவர்களைவிட, தம் கேள்வி எந்த வகை என்று பார்த்து முடிவெடுப்பவர்கள்தாம் பணத்தையும் காலத்தையும் மிச்சப்படுத்துகிறார்கள் என்பது என் உறுதியான கருத்து.

இரண்டாவது, பிழையின் அளவு. பயிற்சியால் வரும் மாற்றத்தைவிட அளவீட்டுப் பிழை பெரிதாக இருந்தால் அந்த அளவீட்டால் பயனில்லை. மூன்றாவது, இடம். வீரர் எந்த மண்ணில், எந்தக் காலணியில், எந்த ஓட்டத்தோடு தாண்டுகிறாரோ அங்கேயே அளக்க முடிகிறதா என்று பார்க்க வேண்டும். நான்காவது, கருவியின் விலைப்பட்டியலில் இல்லாத மனித உழைப்பு. ஐந்தாவது, அளக்கப்படுபவர் பள்ளிப் பிள்ளை என்பதால் எழும் ஒப்புதல் பொறுப்பு.

## அளவு நாடா: எல்லோரும் மறந்துவிடும் வழி

கேமராவைப் பற்றிப் பேசுவதற்கு முன் இதைச் சொல்லியாக வேண்டும். மும்முறைத் தாண்டுதலில் ஹாப் (ஊன்றிய காலிலேயே இறங்கும் முதல் தாவல்), ஸ்டெப் (மறுகாலில் இறங்கும் இரண்டாம் தாவல்), ஜம்ப் (மணற்குழிக்குள் பாயும் இறுதித் தாவல்) மூன்றும் மொத்தத் தூரத்தில் எத்தனை சதவீதம் என்பது மிக முக்கியமான தகவல். எந்தக் கட்டம் மற்றவற்றைவிட 2 சதவீதப் புள்ளிகளாவது மிகுந்திருக்கிறதோ அதை வைத்து, ஹாப் மேலோங்கியது, ஜம்ப் மேலோங்கியது, சமநிலையானது என்று உத்தியை வகைப்படுத்துவது இத்துறையில் நெடுநாள் வழக்கம். 13 மீட்டர் தாண்டும் ஒருவர் 36 : 30 : 34 என்று பிரித்தால் ஹாப் 4.68 மீட்டர், ஸ்டெப் 3.90 மீட்டர், ஜம்ப் 4.42 மீட்டர் ஆகும்.

இதற்கு எந்த மின்னணுக் கருவியும் வேண்டாம். ஓடுபாதையில் மெல்லிதாகச் சுண்ணாம்புத் தூளைத் தூவி வைத்தால் ஒவ்வொரு ஊன்றலிலும் பாதத்தின் முன்நுனி பதிந்த இடம் தெளிவாகத் தெரியும். தாவல் தொடங்கும் பலகையில் கால் ஊன்றிய நுனியிலிருந்து அடுத்த ஊன்றலின் நுனி வரை இரண்டு பேர் நாடாவை இழுத்துப் பிடித்து அளந்தால் ஓரிரு சென்டிமீட்டர் பிழைக்குள் விடை கிடைத்துவிடும். நம் பள்ளி அளவில் நான் அடிக்கடி பார்ப்பது ஸ்டெப் கட்டம் மிகக் குறுகிப்போவதுதான். ஹாப்பில் அதிக உயரம் போய்விட்டு, இறங்கும்போது முழங்கால் மடங்கி, அடுத்த அடி வெறும் ஓட்டப் படியாக முடிந்துவிடுகிறது. அதைக் கண்டறிய நாடாவும் சுண்ணாம்பும் ஒரு நோட்டுப் புத்தகமும் போதும். ஆனால் ஏன் குறுகுகிறது என்று அறிய, ஊன்றும் நேரத்தையும் கோணத்தையும் பார்த்தாக வேண்டும். அங்கேதான் கேமரா தேவைப்படுகிறது.

## கைப்பேசி வீடியோ

சாதாரண வீடியோ நொடிக்கு 30 ஃபிரேம்களில் பதிவாகிறது. ஸ்டெப்புக்கான ஊன்றல், அதாவது ஹாப்பில் இறங்கிய கால் தரையைத் தொட்டிருக்கும் நேரம், ஏறத்தாழ 0.15 நொடிதான் நீடிக்கிறது என்று வைத்துக்கொண்டால், அந்த வேகத்தில் நமக்குக் கிடைப்பது நாலைந்து படங்கள். ஒரே ஒரு ஃபிரேமைத் தவறாக எண்ணினாலும் பிழை 22 சதவீதம். இன்றைய கைப்பேசிகள் பலவற்றில் 240 ஃபிரேம் ஸ்லோமோஷன் இருக்கிறது. அதில் அதே ஊன்றல் 36 ஃபிரேம்களாக விரியும், ஒரு ஃபிரேம் பிழை 3 சதவீதத்துக்கும் குறைவு. செங்குத்துத் தாண்டலில், காற்றில் இருக்கும் நேரத்தைக் கொண்டு உயரம் கணக்கிடும்போதும் இதே வேறுபாடுதான். 0.5 நொடி காற்றில் இருந்தவர் சுமார் 31 சென்டிமீட்டர் உயர்ந்திருப்பார். ஒரு ஃபிரேம் தவறினால் 30 ஃபிரேம் வீடியோவில் 4 சென்டிமீட்டர் பிழை வரும், 240 ஃபிரேம் வீடியோவில் அரை சென்டிமீட்டர் மட்டுமே.

ஃபிரேம் எண்ணிக்கை சரியாக இருந்தும் அளவீடு கெட்டுப்போகும் இடங்கள் சில உள்ளன. முதலாவது, கேமராவின் தூரம். ஓடுபாதையின் நடுக்கோட்டில் ஒரு மீட்டர் பிவிசி குழாயை வைத்து அளவுகோலாகப் படம்பிடித்துக்கொண்டோம், கேமரா 10 மீட்டர் தள்ளி இருக்கிறது என்று கொள்வோம். வீரர் அந்தக் கோட்டைவிட்டு அரை மீட்டர் கேமரா பக்கம் விலகி ஓடினால் எல்லாத் தூரங்களும் 5 சதவீதம் கூடித் தெரியும். 20 மீட்டருக்குப் பின்வாங்கினால் அப்பிழை பாதியாகும். இரண்டாவது, ஒளி. நொடிக்கு 10 மீட்டர் வேகத்தில் நகரும் உடலை 1/240 நொடி திறப்பு நேரத்தில் படம்பிடித்தால் உருவம் 4 சென்டிமீட்டர் நீளத்துக்குக் கலங்கும்; 1/1000 நொடியில் அது ஒரு சென்டிமீட்டர். காலை ஏழரை மணி வெயிலில் எடுத்தது தெளிவாகவும், மாலை ஆறு மணிக்கு எடுத்தது கலங்கியும் வருவதன் காரணம் இதுவே. மூன்றாவது, சில கைப்பேசிகள் ஸ்லோமோஷன் கோப்பைச் சாதாரண வேகக் கோப்பாகச் சேமிக்கின்றன. கினோவியா போன்ற இலவச மென்பொருளில் அதைத் திறந்ததும் பதிவான உண்மை வேகத்தைக் குறிப்பிடாவிட்டால், எல்லா நேரங்களும் 8 மடங்கு பெரிதாக வந்துவிடும்.

பலகைக்கு முன்னால் 6 மீட்டரிலிருந்து 1 மீட்டர் வரையிலான 5 மீட்டரை வீரர் கடக்கும் நேரத்தைக் கொண்டு ஓட்ட வேகம் அளப்பது வழக்கம். நொடிக்கு 8 மீட்டர் ஓடுபவருக்கு அது 0.625 நொடி, 240 ஃபிரேமில் ஒரு ஃபிரேம் பிழை வேகத்தில் ஒரு சதவீதத்துக்கும் குறைவாகவே பாதிக்கும். இதற்கு இரு கம்புகளை நடுவதில் ஒரு நுணுக்கம் உண்டு. கம்புகள் ஓடுபாதைக்கு வெளியே, கேமரா பக்கமாக நிற்கும். ஆகவே நடுக்கோட்டில் சுண்ணாம்பால் இட்ட குறியும் கம்பும் கேமராவின் பார்வையில் ஒரே நேர்க்கோட்டில் வரும்படி கம்பை நட வேண்டும்; 5 மீட்டர் இடைவெளியைக் கம்புகளுக்கு இடையே அளந்து நடக்கூடாது.

மூட்டுகளைக் குறிக்கக் கடையில் கிடைக்கும் வெள்ளை ஸ்டிக்கர் பொட்டுகள் நன்றாகப் பயன்படும்: இடுப்பின் பக்கவாட்டு எலும்புமுனை, முழங்காலின் வெளிப்புறம், கணுக்கால் எலும்பு. வியர்வையில் அவை நழுவுவதால், தோலைத் துடைத்து ஒட்டி மேலே மெல்லிய பிளாஸ்டர் போட வேண்டும். தொளதொளப்பான அரைக்கால் சட்டை இடுப்புக் குறியை மறைத்துவிடும். வீராங்கனைகளுக்கு இறுக்கமான முழுநீள உடுப்பின் மேலேயே ஒட்டுவது அவர்களுக்குக் கூச்சமின்றியும் நமக்குச் சீராகவும் அமையும்.

ஆடிக் காற்று அடிக்கும் நாள்களில் முக்காலி ஆடும், சில நேரம் சாயும். ஒரு மணல் பையை அதன் நடுவில் கட்டித் தொங்கவிடுங்கள்.

இந்த வழியின் மறைமுகச் செலவு முழுவதும் நேரம்தான். பத்து வீரர், ஆளுக்கு ஆறு முயற்சி, முயற்சிக்கு மூன்று ஊன்றல் என்றால் 180 ஊன்றல்கள். ஒவ்வொன்றிலும் தொடக்கம், முடிவு, கோணம் ஆகியவற்றைக் கையால் குறிக்க வேண்டும். அதோடு, அதே வீடியோக்களில் ஒரு பகுதியை ஒரு வாரம் கழித்து, முதல் விடைகளைப் பார்க்காமல் மீண்டும் அளந்து, இரு அளவீடுகளும் எவ்வளவு வேறுபடுகின்றன என்று காட்ட வேண்டும். அந்த வேறுபாட்டைவிடச் சிறிய மாற்றத்தை முன்னேற்றம் என்று எழுதுவது நேர்மையாகாது. ஆய்வேடுகளில் பெரும்பாலும் விடுபட்டுப்போவது இந்தப் பகுதிதான்.

பக்கவாட்டிலிருந்து பார்க்கும் அசைவுக்குக் கைப்பேசி சிறந்தது. உடல் சுழல்வது, முழங்கால் உள்நோக்கிச் சாய்வது போன்றவற்றுக்கு ஒரே கேமரா போதாது. முன்னாலிருந்து எடுத்த வீடியோவில் முழங்கால் உள்ளே மடங்குவதைப் பார்த்து உத்தியைத் திருத்தலாம், திருத்தவும் வேண்டும். ஆனால் அந்தப் படத்தை வைத்து, இந்தப் பெண்ணுக்குத் தசைநார் கிழியும், அவளுக்குக் கிழியாது என்று சொல்லக் கூடாது. அத்தகைய சோதனைகள் தனி ஒருவருக்கு வரப்போகும் காயத்தை நம்பகமாக முன்னறிவிப்பதில்லை.

## மார்க்கர் இல்லாத முப்பரிமாண வீடியோ

உடலில் மார்க்கர் எனும் குறிப்பொட்டுகளை ஒட்டாமலே, இரண்டோ அதற்கு மேற்பட்டோ கேமராக்களின் வீடியோவிலிருந்து கணினியே மூட்டுகளைக் கண்டறிந்து முப்பரிமாண அசைவைத் தரும் முறை இப்போது பரவி வருகிறது. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் உருவான ஓப்பன்கேப் இதற்கு நல்ல உதாரணம். இரண்டு ஐபோன் அல்லது ஐபேட், முக்காலிகள், சதுரங்கக் கட்டம் அச்சிட்ட ஒரு பலகை, இணைய இணைப்பு இவ்வளவே தேவை. கல்வி ஆராய்ச்சிக்குக் கட்டணமில்லை. 2023இல் வெளியான அதன் ஆய்வுக் கட்டுரையில் மூட்டுக் கோணங்களின் சராசரிப் பிழை 4 முதல் 5 டிகிரி வரை என்று காட்டப்பட்டிருந்தது. குந்துதல், நடை, நின்ற இடத்தில் தாண்டி இறங்குதல் போன்ற பயிற்சிகளுக்கு இது பெரிய வரம்.

மும்முறைத் தாண்டுதலுக்கு இதைப் பரிந்துரைக்க மாட்டேன். இரண்டு கேமராக்கள் சேர்ந்து பார்க்கும் இடம் சில மீட்டர்தான். மூன்று கட்டங்களும் அதற்குள் அடங்கா. விசை குறித்து அது தரும் எண்கள் உடலின் கணினி மாதிரியைக் கொண்டு கணக்கிட்டவை, அளந்தவை அல்ல. இதன் மறைமுகச் செலவு ஆப்பிள் கருவிகளும் இணையமும் மட்டுமல்ல. பிள்ளைகளின் வீடியோ வெளிநாட்டுச் சேவையகத்துக்குப் போகிறது. 2023ஆம் ஆண்டின் மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயதுக்குட்பட்டோரைக் குழந்தைகளாகவே கருதிப் பெற்றோரின் ஒப்புதலைக் கோருகிறது. வீடியோ எங்கே போகிறது, யார் பார்ப்பார்கள், எப்போது அழிக்கப்படும் என்பதைப் பெற்றோருக்குப் புரியும் தமிழில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள்.

## உடலில் கட்டும் சென்சார்

முடுக்கமானி, சுழற்சிமானி, காந்தமானி மூன்றும் அடங்கிய சிறு பெட்டியை இடுப்பிலோ கீழ்க்காலிலோ கட்டி அளப்பது இம்முறை. கேமராவின் பார்வைக்கு அப்பால் நடப்பதையும் இது பதிவு செய்யும். ஒரு பருவம் முழுவதும் ஒரு பிள்ளை எத்தனை முறை தாண்டினாள், எத்தனை முறை கடுமையாகத் தரையிறங்கினாள் என்ற கணக்கைத் தருவதில் இதற்கு நிகரில்லை. முழங்கால் வலியோடு வரும் பதினைந்து வயதுப் பிள்ளைகளைப் பார்க்கும்போது, அவர்கள் எப்படித் தாண்டினார்கள் என்பதைவிட வாரத்துக்கு எவ்வளவு தாண்டினார்கள் என்பதே எனக்கு முதலில் தெரிய வேண்டியதாகத் தோன்றும். அந்தக் கேள்விக்குச் சென்சாரே சரியான தேர்வு.

சென்சாரிலிருந்து தூரத்தைக் கணக்கிட முயல்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். முடுக்கத்தை இரு முறை தொகையிட்டால் இடப்பெயர்ச்சி வரும் என்பது பாடநூல் உண்மை. ஆனால் சென்சாரில் நொடிவர்க்கத்துக்கு 0.1 மீட்டர் என்ற சிறு நிலைப்பிழை இருந்தாலே, 10 நொடிகளில் அது 5 மீட்டர் தவறாக வளர்ந்து நிற்கும். இரும்புத் தூண்கள், கம்பி கட்டிய பார்வையாளர் படிகள் ஆகியவற்றுக்கு அருகில் காந்தமானியின் திசை விலகும். இன்னொன்று, விலை குறைந்த பல சென்சார்கள் புவியீர்ப்பு முடுக்கத்தின் 16 மடங்கு வரையே அளக்கும். ஸ்டெப் ஊன்றலில் தரை விசை உடல் எடையின் 10 மடங்கைத் தாண்டலாம், கீழ்க்காலில் கட்டிய சென்சார் அந்த எல்லையை எளிதில் முட்டும். வரைபடத்தின் உச்சி தட்டையாக வெட்டப்பட்டிருந்தால் அந்த எண்ணைப் பயன்படுத்தாதீர்கள்.

கபடிக்குச் சென்சார் வாங்கலாமா என்று கேட்கிறார்கள். பிடிபட்ட ரைடரை நான்கைந்து பேர் மூடிக்கொள்ளும்போது கேமராவுக்கு ஒன்றும் தெரியாது என்பது உண்மைதான். ஆனால் மோதலில் அந்தப் பெட்டி அணிந்தவரையும் பிடிப்பவரையும் காயப்படுத்தும். ரைடரின் தனிப் பயிற்சிக்கு மட்டும் கட்டுங்கள், ஆட்டத்தில் வேண்டாம். வாங்கும் முன் பழகிப் பார்க்க, கைப்பேசிக்குள் இருக்கும் சென்சாரையே பயன்படுத்தும் ஃபைஃபாக்ஸ் என்ற இலவசச் செயலி போதும்.

## ஆய்வகம்: அகச்சிவப்புக் கேமராவும் விசைத் தட்டும்

நொடிக்கு ஆயிரம் முறையும் அதற்கு மேலும் தரை விசையை அளக்கும் தட்டு, உடலில் ஒட்டிய மார்க்கர்களைப் பல கோணங்களில் பார்க்கும் அகச்சிவப்புக் கேமராக்கள், இரண்டையும் இணைத்து முழங்காலிலும் கணுக்காலிலும் ஏற்படும் திருப்பு விசையைக் கணக்கிடும் முறை: இதுவே இத்துறையின் உரைகல். முழு அமைப்புக்கான செலவு ஒரு பள்ளியோ கல்லூரியோ நினைத்துப் பார்க்கும் அளவில் இல்லை. மேலக்கோட்டையூரில் உள்ள தமிழ்நாடு உடற்கல்வியியல் மற்றும் விளையாட்டுப் பல்கலைக்கழகம், ஐஐடி மெட்ராசின் விளையாட்டு அறிவியல் மையம் போன்ற இடங்களை அணுகுவதே நடைமுறை வழி. துறைத்தலைவரின் கடிதத்தோடும் தெளிவான கேள்வியோடும் பல வாரங்களுக்கு முன்பே எழுதுங்கள்.

தஞ்சாவூரிலிருந்து 300 கிலோமீட்டருக்கு மேல் இரவுப் பயணம் செய்து வந்த பிள்ளை மறுநாள் காலையில் தன் இயல்பான தாண்டலைத் தருவாளா என்பதுதான் ஆய்வகத்தின் முதல் மறைமுகச் செலவு. முழு ஓட்டத்துக்கு முப்பது, நாற்பது மீட்டர் வேண்டும். ஆய்வகக் கூடங்கள் பெரும்பாலும் அதற்குப் போதா. தட்டின் மேல் சரியாகக் கால் பட வேண்டும் என்று குறி பார்த்து ஓடுபவர் கடைசி அடிகளை மாற்றிக்கொள்கிறார். ஓட்டத்தைச் சுருக்கி எடுத்த அளவீட்டை முழு ஓட்டத் தாண்டலுக்குப் பொருத்திப் பேசக் கூடாது.

இன்னொரு மறைந்த அனுமானத்தை ஆய்வேடு எழுதுவோர் கட்டாயம் குறிப்பிட வேண்டும். மூட்டுத் திருப்பு விசையைக் கணக்கிட, தொடை, கீழ்க்கால், பாதம் ஒவ்வொன்றின் எடையும் நிறைமையமும் தேவை. பலரும் பயன்படுத்தும் 1955ஆம் ஆண்டு டெம்ப்ஸ்டர் அட்டவணை எட்டு அமெரிக்க ஆண் சடலங்களிலிருந்து பெறப்பட்டது. 1996இல் டி லீவா திருத்தி வெளியிட்ட அளவுகளின் மூலம் ரஷ்ய இளைஞர்களைக் கதிர்க்கருவியால் அளந்த ஆய்வு. அதில் 100 ஆண்களும் 15 பெண்களும் இருந்தனர். நம் ஊர்ப் பதினாறு வயது வீராங்கனையின் உடற்கட்டு இவற்றில் எதிலும் இல்லை. அதற்காக அவற்றைக் கைவிட வேண்டியதில்லை. எந்த அட்டவணை, ஏன் என்று எழுதினால் படிப்பவர் எடைபோட்டுக்கொள்வார்.

முழங்கால் தசைநார் அறுவைச் சிகிச்சைக்குப் பின் மீண்டும் களமிறங்கும் வீரரின் இரு கால்களும் சமமாக விசை தருகின்றனவா என்பது ஆய்வகம்தான் பதில் சொல்ல வேண்டிய கேள்வி. அங்கே சிக்கனம் பார்க்கக் கூடாது. செங்குத்துத் தாண்டலில் இரு கால் விசையை மட்டும் அளக்கும் கையடக்க இரட்டைத் தட்டுகள் சில இயன்முறை மருத்துவ மையங்களில் வந்துவிட்டன. அருகில் இருந்தால் சென்னைப் பயணம் மிச்சம்.

## கேள்வியிலிருந்து கருவிக்கு

| நீங்கள் அறிய விரும்புவது | போதுமான வழி | நம்ப வேண்டாதது |
|---|---|---|
| மூன்று கட்டங்களின் தூரம் | நாடா, சுண்ணாம்பு | சென்சார் |
| ஊன்றும் நேரம், ஓட்ட வேகம் | 240 ஃபிரேம் கைப்பேசி | 30 ஃபிரேம் வீடியோ |
| பக்கவாட்டில் முழங்கால் கோணம் | ஓடுபாதைக்குச் செங்குத்தாகப் பார்க்கும்படி வைத்த கைப்பேசி, பொட்டுகள் | சாய்வாக எடுத்த வீடியோ |
| குந்துதல், இறங்குதலில் முப்பரிமாண அசைவு | இரு கேமரா முறை | ஒற்றைக் கேமரா |
| வாராந்திரத் தாண்டல் பளு | சென்சார் | நினைவிலிருந்து எழுதும் கணக்கு |
| தரை விசை, மூட்டுத் திருப்பு விசை | விசைத் தட்டு, ஆய்வகம் | வீடியோ மட்டும் |

எம்.பி.எட். மாணவர் ஒருவர் என்னிடம் கேட்டால், மைதானத்தில் நாடாவும் கைப்பேசியும் கொண்டு தொடங்கச் சொல்வேன். ஆய்வகத்துக்குப் போகும் வாய்ப்புக் கிடைத்தால், அந்த ஒரு நாளில் விசைத் தட்டும் தன் கைப்பேசியும் ஒரே தாண்டலை ஒரே நேரத்தில் பதிவு செய்யும்படி ஏற்பாடு செய்துகொள்ள வேண்டும். தட்டு காட்டும் ஊன்றல் நேரத்தோடு தன் ஃபிரேம் எண்ணிக்கையை ஒப்பிட்டுப் பிழையை ஒருமுறை நிறுவிவிட்டால், ஊருக்குத் திரும்பி மைதானத்தில் எடுக்கும் ஒவ்வொரு அளவீட்டுக்கும் அதுவே ஆதாரமாக நிற்கும்.

காலத்தையும் கணக்கில் கொள்ளுங்கள். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழையில் நம் களிமண் ஓடுபாதைகள் ஊறி வழுக்கும். அப்போது அளந்ததையும் காய்ந்த மண்ணில் அளந்ததையும் சேர்த்து ஒப்பிட முடியாது. குடியரசு தின விளையாட்டுப் போட்டிகள் நெருங்கும் வாரங்களில் பிள்ளைகள் களைப்போடு இருப்பார்கள். முதல் அளவீட்டைச் செப்டம்பருக்குள் முடித்து, இரண்டாவதைப் போட்டிகள் முடிந்து ஓய்வெடுத்த பின் பிப்ரவரியில், அதே மணி நேரத்தில், அதே காலணியோடு வைத்துக்கொள்வது உகந்தது.